ஓய்வுக்குப் பிறகு எந்த ஊர்? சென்னை, திருச்சி, கோவை, ஓசூர், நாகர்கோவில்

சென்னை வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வங்கியில் வேலை பார்த்தவன். மாற்றல் வந்த இடமெல்லாம் குடும்பத்தோடு போனதில் திருச்சியில் நாலு வருஷம், கோவையில் மூன்று, ஓசூரில் இரண்டு, நாகர்கோவிலில் பதினெட்டு மாதம் குடியிருந்திருக்கிறோம். மிச்சமெல்லாம் சென்னை. அதனால் ஊர்களைப் பற்றி எனக்குக் கருத்து நிறைய உண்டு. வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் உண்டு என்பதுதான் சிக்கல். மகள் பெங்களூரில் இருப்பதால் மனைவி ஓசூர் என்கிறாள். 82 வயது அம்மா ஸ்ரீரங்கம் என்கிறார். காரணம் கேட்டால் முறைக்கிறார்.

கோடை வந்துவிட்டால் தொலைக்காட்சியில் தினமும் சாயங்காலம் ஒரு பட்டியல் ஓடும், எந்தெந்த ஊரில் வெயில் சதம் அடித்தது என்று. நூறு டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். கரூர் பரமத்தி, வேலூர், திருத்தணி, ஈரோடு, மதுரை விமான நிலையம், திருச்சி ஆகியவை இந்த அணியின் நிரந்தர ஆட்டக்காரர்கள். ஊர் மாற நினைப்பவர்கள் பலரும் இந்தப் பட்டியலை வைத்துத்தான் ஊர்களைக் கழித்துக் கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அந்தச் சதம் மத்தியானம் இரண்டரை, மூன்று மணிக்கு அடித்தது. அந்த நேரத்தில் ஓய்வு பெற்றவனுக்கு வெளியே என்ன வேலை? ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையறை எப்படி இருக்கிறது, அந்த நிலைமை வருஷத்தில் எத்தனை மாதம் நீள்கிறது என்பதுதான் எனக்கு வேண்டிய கணக்கு. பகல் முழுக்கச் சூடேறிய உடம்பு ராத்திரிதான் ஆற வேண்டும். வயதானவர்களுக்கு அது ஆறாமலே விடிந்தால் நாலு நாளில் படுக்க வைத்துவிடும். வானிலைத் துறையும் வெப்ப அலைக்கு ஓர் எச்சரிக்கை, சூடான இரவுகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை என்றுதான் வெளியிடுகிறது. ஆனால் செய்தியில் சதம் மட்டும்தான் வருகிறது.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது நான் இருக்கும் ஊர்தான்.

சென்னையில் மே மாதப் பகல் உச்சம் சராசரியாக 37 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 2003 மே 31 அன்று 45-ஐத் தொட்டதெல்லாம் அபூர்வம். மத்தியானத்துக்கு முன்போ சற்றுப் பின்போ கடற்காற்று உள்ளே வந்து சூட்டை அமுக்கிவிடும். மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் அது கரையிலேயே தயங்கி நிற்கும். அன்றைக்குத்தான் 40-ஐத் தாண்டும். பெசன்ட் நகரில் இருப்பவருக்கும் போரூரில் இருப்பவருக்கும் ஒரே நாளில் இரண்டு வேறு ஊர்போல இருப்பது இதனால்தான். ஆனால் ராத்திரியில் இந்தக் கடலே எதிரியாகிவிடுகிறது. மே, ஜூனில் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. சித்திரையில் தொடங்கும் கசகசப்பு ஐப்பசி மழை வரும்வரை போகாது. ஜூலை, ஆகஸ்டில் சாயங்கால இடிமழை வந்தால் ஒரு மணி நேரம் சுகம், அப்புறம் பழையபடி புழுக்கம்.

தண்ணீர் விஷயத்தில் சென்னையைப் பற்றிச் சொல்ல இரண்டு வருஷங்கள் போதும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டுக்காரர்கள் மூன்று நாள் எங்களோடு இருந்தார்கள். 2019 ஜூலையில் அதே தெருவில் லாரித் தண்ணீருக்குப் பதிந்துவிட்டு பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. நியாயமாகச் சொன்னால் அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலைகள் பெருகியிருப்பதால் பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளை மட்டும் நம்பி ஊர் இல்லை. பஞ்சத்துக்கு மருந்து ஓரளவு கிடைத்துவிட்டது, வெள்ளத்துக்கு இன்னும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில்தான் நிறுத்தினார்கள்.

திருச்சி, மேலே சொன்ன சதப் பட்டியலில் தவறாமல் வரும் ஊர். மே மாதம் பகலில் 38 சாதாரணம், 40, 41 என்று ஏறும் நாட்களும் உண்டு. இருந்தும் முதல் கோடையில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: அவ்வளவு வெயிலிலும் சட்டை நனையவில்லை. வறண்ட சூடு என்பதால் நிழலுக்குள் வந்தால் ஆறிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கத்திரி முடிந்தால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, ஆனால் மழை இல்லை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது. ஜூலையிலும் பகலில் 36 இருக்கும். அம்மியைப் பறக்க வைக்கும் ஆடிக்காற்று எங்கள் வீட்டில் புழுதியைக் கொண்டுவந்து சோற்றில் போட்டது. நாங்கள் இருந்தது மேல் மாடி, மேற்குப் பார்த்த அறை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், வீடுதான் அடுப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு மேசை மேலிருந்த வெப்பமானி 34 காட்டும்போது வெளியே 28 தான். அதன் பிறகு எந்த ஊரில் வீடு பார்த்தாலும் மேல் மாடியையும் மேற்குச் சுவரையும்தான் முதலில் பார்க்கிறேன். அதே திருச்சியில், அதே தெருவில், ஒரு மாடி கீழே இருந்திருந்தால் அந்த நாலு வருஷத்தைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

தண்ணீரில் மட்டும் திருச்சியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பேன். காவிரி, கொள்ளிடத்தின் மணலுக்கு அடியில் இறக்கிய கிணறுகளிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வருகிறது. மேலே வெறும் மணல் தெரிகிற மாதங்களிலும் குழாயில் வந்துகொண்டிருந்தது. நாலு வருஷத்தில் ஒரு லாரித் தண்ணீர் வாங்கியதில்லை. கோரையாற்றை ஒட்டிய பகுதிகளில் பெருமழைக் காலத்தில் வெள்ளம் புகும், அதை விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்றபடி மாநிலத்தின் நடுவே இருக்கும் ஊர். சென்னை, மதுரை, கோவை, தஞ்சாவூர் எதற்கும் அரை நாளில் போய்விடலாம். விமான நிலையத்தின் புதிய முனையம் 2024-ல் வந்தபின் சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை. செலவும் குறைவு. அம்மாவின் ஸ்ரீரங்கம் ஆசையில் பக்தி பாதி என்றால், தீவுக்குள் இரண்டு பக்கமும் ஆறு இருக்கிற குளுமை மீதி என்று நினைக்கிறேன். மார்கழியில் அங்கே போய்ப் பார்த்தவர்கள் யாரும் அவரோடு வாதாட மாட்டார்கள்.

மதுரைக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி, மதுரையைத் திருச்சிக்குப் பிறகுதான் வைப்பேன். சூடு ஏறக்குறைய அதேதான், ஆகஸ்ட் வரை விடாது. சாயங்காலம் இடியோடு வரும் கோடை மழை ஓர் ஆறுதல். ஆனால் வைகையைக் காவிரியோடு ஒப்பிட முடியாது. சேலம், வேலூர் இரண்டையும் இந்தக் கட்டுரையில் விட்டுவிடுகிறேன். வேலூரில் மருத்துவமனைக்காகக் குடியேறுபவர்கள் உண்டு, வானிலைக்காக யாரும் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

கோவைக்கு வருவோம். இந்த ஊரின் வானிலையை விளங்கிக்கொள்ள மேற்கே பார்க்க வேண்டும். மலைத்தொடர் முழுக்கச் சுவர்போல நிற்க, பாலக்காட்டில் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை பிடித்ததும் அந்த வாசல் வழியாகக் குளிர்ந்த காற்றும் மேகமும் உள்ளே வந்துவிடும். மழை என்று பெரிதாக இராது, தூறல்தான். ஆனால் திருச்சியில் 37-ல் காய்ந்துகொண்டிருக்கும் ஆனி மாதத்தில் இங்கே 31, 32. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. கோவையின் கோடை மாசியில் தொடங்கிச் சித்திரையில் உச்சம் போய், வைகாசி பாதியில் முடிந்துவிடும். அந்த உச்சம் சராசரியாக 36 வரை போகும். கோவை குளுகுளு என்று கேட்டுவிட்டு மார்ச்சில் வந்து இறங்குபவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். ஆனால் அந்த மாதத்திலும் ராத்திரி 23, 24-க்கு இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கலாம். மூன்று வருஷத்தில் நாங்கள் ஏ.சி. வாங்கவே இல்லை. ஒரு காலத்தில் மின்விசிறியே வேண்டியதில்லை என்று பழைய கோவைக்காரர்கள் சொல்வார்கள். சாலையை அகலமாக்க மரங்கள் போனபின் அந்தக் கோவை இல்லை. அவிநாசி சாலையில் மத்தியானம் நடந்தால் தெரியும்.

ஊருக்குள் வருஷ மழை சென்னையின் 1,400 மில்லிமீட்டரில் பாதிதான் இருக்கும். மலை மழையைத் தடுக்கிறது, ஆனால் மலையே தண்ணீரும் தருகிறது. வீடு பார்க்கப் போனால் உள்ளூர்க்காரர்கள் வாடகைக்கு முன்னால் கேட்கும் கேள்வி: ‘இந்தப் பக்கம் சிறுவாணியா, பில்லூரா?’ சிறுவாணித் தண்ணீரின் ருசிக்காகவே சில பேட்டைகளில் வாடகை கூட இருப்பதாகச் சொல்வார்கள். அதற்கு அடுத்த கேள்வி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பது. இங்கேதான் கோவை சறுக்குகிறது. வாரத்துக்கு ஒரு தடவை, அதற்கும் மேலே என்று இருக்கும் இடங்கள் உண்டு. சம்ப், அதாவது தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, பெரிதாக இல்லாத வீடு கோவையில் வீடே இல்லை. சிறுவாணி அணை கேரள எல்லைக்குள் இருப்பதால் மழை பொய்த்த வருஷத்தில் அது அரசியலாகவும் ஆகிவிடும். பெருமழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் பேருந்து மாட்டிக்கொண்ட படம் செய்தித்தாளில் வரும், அவ்வளவுதான். சென்னை வெள்ளத்தைப் பார்த்தவனுக்கு அது ஒன்றும் இல்லை.

கோவைக்குள்ளேயும் மேற்கு வேறு, கிழக்கு வேறு. வடவள்ளி, பேரூர் பக்கம் மலைக்குக் கிட்டே போகப் போகக் காற்றும் சாரலும் கூடும். பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் வசதி கூடும், மருத்துவமனைகள் கிட்டத்தில் இருக்கும். மேற்கே ரொம்பத் தள்ளிப் போனால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ராத்திரியில் யானை வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இடம் வாங்குபவர்கள் அது ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) கிராமங்களில் வருகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மலையடிவாரக் கட்டுமானங்களுக்குத் தனி அனுமதி வேண்டும்.

வானிலை ஒன்றை மட்டும் பார்த்தால் மனைவி சொல்வதுதான் சரி, ஓசூர்தான் முதலிடம். 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும் ஊர். பெங்களூர் வானிலைதான், ஒரு டிகிரி கூட இருக்கலாம். ஏப்ரலில் 34, 35 வரை போனாலும் ராத்திரி போர்வை வேண்டும். அங்கே ரோஜாத் தோட்டம் போட்டுக் காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதே வானிலைக்குச் சான்றிதழ். ஆனால் நாங்கள் இருந்த இரண்டு மார்கழியும் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. வெயிலைக் கணக்குப் போடும் நாம் குளிரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடிகாலை 14, 15 டிகிரி நாற்பது வயதுக்காரனுக்கு இன்பம், எண்பது வயதுக்கு அப்படி இல்லை.

அப்புறம் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லிருந்து வருகிறது, ஆனால் ஊர் அதைவிட வேகமாக வளர்கிறது. வண்டித் தொழிற்சாலைகள், கைக்கடிகாரத் தொழிற்சாலை, இப்போது மின்னணுத் தொழிற்சாலைகள் என்று ஆள் வந்து குவிகிறார்கள். ஆயிரம் அடி போர் என்பது அங்கே சாதாரணப் பேச்சு. மகள் பக்கத்தில் இருப்பாள் என்ற வாதமும் வரைபடத்தில்தான் நிற்கும். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர், சரி. அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு வரை போய் அவள் வீட்டை அடைய ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.

நாகர்கோவிலைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை, எனக்கு அது வருத்தம். இரண்டு பருவமழையும் பெய்கிற மூலை அது. கடுங்கோடையிலும் 33, 34-க்கு மேலே போவது குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தாலே ஊரின் குளுமை தெரியும். சதப் பட்டியலில் அதன் பேரை நான் பார்த்த ஞாபகம் இல்லை. கண்ணுக்குப் பச்சை, காலையில் மட்டிப் பழம், மீன். குறை என்றால் ஈரப்பதம். ஆனியிலிருந்து துணி காயாது, பீரோவுக்குள் தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். ஆனாலும் ராத்திரி 25-க்கு வந்துவிடுவதால் சென்னைப் புழுக்கம் இராது. பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள். தூரம் ஒன்றுதான் தடை. 2024-ல் வந்தே பாரத் விட்ட பிறகும் சென்னைக்கு ஒன்பது மணி நேரம். உறவு முழுக்க வடக்கே வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தத் தூரம் ஓட முடியுமா என்பதில்தான் நின்றுவிட்டோம். உறவு தெற்கே இருப்பவர்கள் மறுபேச்சில்லாமல் போகலாம். தென்காசியையும் இப்படியே சொல்லலாம், குற்றாலச் சாரல் மாதங்களுக்கு மட்டும். பங்குனி, சித்திரையில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டு நாள் போய்விட்டு வாருங்கள்.

ஊர்களுக்கு நடுவே செலவை ஒப்பிடும்போது வாடகையோடு மின்கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏர் கூலர் என்ற சாமான் வறண்ட காற்றில்தான் வேலை செய்யும். திருச்சியிலும் கோவையின் மார்ச்சிலும் அது நன்றாகக் குளிர்விக்கும்; சென்னையிலும் நாகர்கோவிலிலும் அறைக்குள் ஈரத்தை ஏற்றி இன்னும் வேக வைக்கும். ஆகவே சென்னை என்றால் ஏ.சி.தான், அதுவும் அரை வருஷத்துக்கு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு அறையில் ஓடினால் மே, ஜூன் பில் அதைத் தாண்டாமல் இருந்ததில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். எனக்குக் கோவை, அதிலும் வடவள்ளிப் பக்கம். வானிலையில் ஓசூருக்குக் கீழே, தண்ணீரில் திருச்சிக்குக் கீழே, ஆனால் இரண்டிலும் பாஸ். கோடை மூன்று மாதத்தோடு முடிகிறது, ராத்திரி தூங்க முடிகிறது, குளிரும் அம்மாவைப் படுத்தாது, மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. சென்னை வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போய் ஒரு முழு வருஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. கோவைத் தரகர் மார்கழியில் வந்து வீடு பாருங்கள் என்றார். மார்கழியில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். பங்குனிக் கடைசியில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே வருகிறேன், மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அம்மாவோடு பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது: மார்கழி முப்பது நாளும் ஸ்ரீரங்கத்தில் தம்பி வீடு. மனைவி இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. கோவையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் இருக்கிறது, ஆறரை மணி நேரத்தில் மகளைப் பார்த்துவிடலாம் என்று சொல்லிச் சமாதானம் செய்திருக்கிறேன். அந்த ரயில் ஓசூரில் நின்றுதான் போகிறது என்பதை மட்டும் அவள் அடிக்கடி எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.